வாக்கியத்தின் இரண்டாம் பாதி

நீங்களே சாட்சி. நம் மருத்துவமனையின் மாடியில், தாய்மார் வகுப்பு நடக்கும் அறைக்குள் நேற்று முதன்முறையாக நுழைந்தபோது, மேசையின் மீது ஒரு பித்தளை மணி இருப்பதை, கவுன்சலர் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூவரும் கண்டீர்கள். அது பேசுபவரின் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை என்பதையும், முதல் வரிசையில் அமரும் பெண்ணின் கைக்கு எட்டும் விளிம்பில் இருக்கிறது என்பதையும் கண்டீர்கள். உங்களில் ஒருவர் அதை எடுத்து என் பக்கமாக நகர்த்தி வைத்தார். நான் மீண்டும் பழைய இடத்திலேயே வைத்தேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய செய்தியன்று அது. ஆகவே எழுதுகிறேன்.

அடுத்த மாதத்தோடு நான் இந்தக் கவுன்சலர் பணியிலிருந்து விடைபெறுகிறேன். விடைபெறுகிறவர் அறிவுரை கூறுவது வழக்கம். எனக்கு வயது இருபத்தொன்பது. அறிவுரை கூற நான்கு ஆண்டுப் பணி போதாது என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் ஒரு தவற்றைச் செய்வதற்கும், அது தவறுதானா, எவ்வளவு தவறு என்று இன்றுவரை விளங்காமல் திகைத்து நிற்பதற்கும் நான்கு ஆண்டுகள் தாராளமாகப் போதும்.

நான் மேடையில் வளர்ந்தவன். அம்மா தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும் பிள்ளைகள் நிறைந்த செகந்திராபாத்தில், செந்தமிழில் மூன்று நிமிடம் தடுமாறாமல் பேசும் பையன் ஓர் அதிசயப் பொருள். எந்தத் தமிழ்ச் சங்கம் பேச்சுப்போட்டி நடத்தினாலும் முதல் பரிசு எங்கள் வீட்டு அலமாரிக்கு வரும். விவாதப் போட்டிகளில் எந்தப் பக்கம் பேசுவது என்பதைக் குலுக்கல் சீட்டுத்தான் தீர்மானிக்கும். ‘ஆம்’ என்று வந்தால் ஆமென்று வெல்வேன். ‘இல்லை’ என்று வந்தால் இல்லையென்று வெல்வேன். ஒரே தலைப்பில் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் பேசி இரண்டு கோப்பைகளோடு பேருந்தில் திரும்பியிருக்கிறேன். அதை ஆற்றல் என்றே நினைத்திருந்தேன்.

இந்த மருத்துவமனை என்னைச் சேர்த்துக்கொண்டதும் அந்த ஆற்றலுக்காகவே. லாலாகுடா ரயில்வே குடியிருப்புகளிலிருந்து வரும் தமிழ்க் குடும்பத்துப் பெண்களுக்குச் சனிக்கிழமை காலை வகுப்பில் புரியும்படி பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. என்ன பேசவேண்டும் என்பதைத் தலைமை மருத்துவர் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தருவார். அவர் தெலுங்குப் பெண்மணி, சென்னையில் படித்தவர், தமிழை நன்றாகவே பேசுவார், எழுதுவார்.

அந்த வாரத் துண்டுத்தாளில் இவ்வாறு இருந்தது: ‘வைட்டமின் டி குறைவாக உள்ள கர்ப்பிணிகளிடம் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் சற்று அதிகமாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. தொடர்பு இருக்கலாம். காரணமா என்று தெளிவில்லை. டி குறைவு என்றால் எலும்புக்காக எப்படியும் சரிசெய்ய வேண்டும். சர்க்கரைப் பரிசோதனை எல்லோருக்கும் கட்டாயம்.’

மேடைப் பழக்கம் உள்ள எவரும் இதைப் படித்தால் சோர்ந்துபோவார். ‘சற்று’, ‘சில’, ‘இருக்கலாம்’, ‘தெளிவில்லை’: ஒரு சொல்லாவது காலூன்றி நிற்கிறதா? இதை எந்த இடத்தில் நிறுத்திக் கைதட்டல் வாங்குவது? மாடிப்படி ஏறுவதற்குள் நான் அதைச் செதுக்கி முடித்துவிட்டேன். அறைக்குள் நுழைந்து, இருபது பெண்களின் முன் நின்று, குரலை ஒரு படி தாழ்த்திப் பிறகு உயர்த்திச் சொன்னேன்:

“டி குறைந்தால் சர்க்கரை நிறையும், டி நிறைந்தால் சர்க்கரை குறையும்!”

கவனியுங்கள். முதல் பாதி, மருத்துவர் எழுதியதை நான் முறுக்கேற்றியது. இரண்டாம் பாதியை எந்த மருத்துவரும் எனக்குத் தரவில்லை. எந்த ஆய்வும் தரவில்லை. முதல் பாதியின் ஓசைதான் தந்தது. குறைந்தால் நிறையும் என்று ஒரு தட்டு இறங்கியதும், நிறைந்தால் குறையும் என்று மறுதட்டு தானாகவே வந்து அமர்ந்தது. அது உண்மையா என்று நான் கேட்கவே இல்லை. அழகாக இருந்தது, அதுவே எனக்குப் போதுமான சான்றாக இருந்தது.

முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. “இன்னா தம்பி, டீ நிறைய குடிச்சா சர்க்கரை குறையுமா? எங்க வீட்டுக்காரர் குடுத்து வெச்சவரு! வொர்க்‌ஷாப்ல ஒரு நாளைக்கு ஏழு கப்பு!”

அறை குலுங்கிச் சிரித்தது. பேசியவர் சாரதா. ஆறாம் மாதம். கணவர் முரளி லாலாகுடா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. சாரதாவின் தாயாருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்.

“அந்த டீ இல்லை அக்கா. டம்ளரில் வருவது டீ, வெயிலில் வருவது டி,” என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

வகுப்பு முடிந்ததும் சாரதா தம் மருத்துவக் கோப்பினை என்னிடம் காட்டினார். வைட்டமின் டி மிகக் குறைவு. அதற்காக வாரம் ஒரு பொட்டலம் மருந்துப்பொடியைப் பாலில் கலந்து குடிக்கும்படி மருத்துவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே, இரண்டு வாரம் கழித்துச் சர்க்கரைப் பரிசோதனை. நீங்கள் அறிவீர்கள்: குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்து ரத்தம் கொடுக்க வேண்டும்.

“மொதல் தடவை அந்தத் தண்ணிய குடிச்சுட்டு லேப் வாசல்லயே வாந்தி தம்பி. மானமே போச்சு,” என்றார் சாரதா. “இந்தப் பொடிய ஒழுங்கா சாப்ட்டு வெயில்ல உக்காந்தா டி ஏறிடுமில்ல?”

“கட்டாயம் ஏறும் அக்கா.”

நான் சொன்னது அவ்வளவே. அதுவும் உண்மையே. அவர் என்ன கேட்டார் என்பதும் நான் எதற்கு விடை சொன்னேன் என்பதும் ஒன்றுதானா என்பதே இன்றும் என்னைக் குழப்பும் முதல் கேள்வி.

இரண்டு மாதம் கழிந்தது. இடையில் ஒருமுறை பரிசோதனைக்கு வந்தபோது தலைமை மருத்துவர் விடுப்பில் இருந்தார். பணியிலிருந்த இளம் மருத்துவர் சர்க்கரைப் பரிசோதனை பற்றிக் கேட்டிருக்கிறார். “அடுத்த வாரம் வரேன் மேடம்” என்று சாரதா சொல்லியிருக்கிறார். அவரும் நம்பியிருக்கிறார். எட்டாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில் எடுத்த அறிக்கையோடு சாரதா மாடியேறி வந்தார். முகம் கறுத்திருந்தது, கண்கள் மின்னின.

“தம்பி, டி நிறைஞ்சுடுச்சு! தெனமும் பதினொரு மணிக்கு மொட்டைமாடில. பக்கத்து வீட்டு அம்மா என்னைய பாத்து, ‘கைக்கு, எதுக்கு இந்த வெயில்ல காயறே, வத்தலா போடப் போறே?’ன்றாங்க. பாருங்க ரிப்போர்ட்ட!”

அளவு உயர்ந்து இயல்பான நிலைக்கு வந்திருந்தது. அப்போது நான் செய்ததை நினைத்தால் இப்போதும் காது மடல் சூடாகிறது. அவரைக் கைப்பிடித்து அழைத்து மேசையருகே நிறுத்தி, “என் வாக்கியத்துக்கு இதோ சாட்சி!” என்று முழங்கினேன். அறிக்கையை உயர்த்திப் பிடித்தேன். இருபது பெண்களும் கைதட்டினார்கள். சாரதா வெட்கத்தோடு கும்பிட்டார்.

கதவருகே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நம் ஆய்வுக்கூடத்து ஸ்டெல்லா அக்கா. திருநெல்வேலிக்காரர். கைதட்டல் அடங்கியதும் உள்ளே வந்து, சாரதாவின் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார்.

“தம்பி, ஒங்க சாட்சியோட ஃபைல்ல ஒரு பேப்பர் கொறையுது, பாத்துக்கிடுங்க,” என்றார். பிறகு சாரதாவிடம், “சீனித் தண்ணி குடிச்சியளா இல்லியா?”

“நக்கோ அக்கா, குடிக்கல,” என்று சிரித்தார் சாரதா. “அதான் டி நிறைஞ்சுடுச்சே. டி நிறைஞ்சா சர்க்கரை குறையும்ல? தம்பி சொன்னாருல்ல?”

அறையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய செய்தியா, அஞ்ச வேண்டிய செய்தியா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஸ்டெல்லா அக்கா அவரை அப்போதே கீழே அழைத்துச் சென்று குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் கழித்து வந்த அளவு, இருக்க வேண்டியதைவிட வெகுவாக உயர்ந்திருந்தது. அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தை மாதத்துக்கு மீறி வளர்ந்திருந்தது. சுற்றியிருந்த நீரும் அதிகம். வாரக்கணக்கில் சர்க்கரை கவனிப்பாரின்றி உயர்ந்திருக்கிறது என்று மருத்துவர் கூறினார். இனிப் பிரசவம்வரை இன்சுலின், நாள்தோறும் விரலில் ஊசிக்குத்து. குழந்தை எப்படிப் பிறக்கும் என்பதைப் பிறக்கும்போதுதான் சொல்ல முடியும் என்றார்.

முரளி பணிமனை உடையிலேயே சைக்கிளில் வந்து சேர்ந்தார். கையில் கிரீஸ் கறை. நடைவழியில் என்னை நிறுத்தினார்.

“என்னா சார், எந்த டாக்டர் சொன்னாரு டெஸ்ட் நக்கோன்னு?”

இளம் தோழர்களே, நெருக்கடி என்றால் ஓட்டமும் கூச்சலும் என்று எண்ணிவிடாதீர்கள். என் நெருக்கடி இரண்டு நொடிதான் நீடித்தது. அந்த இரண்டு நொடியில் பதினைந்தாண்டு மேடைப் பயிற்சி முழுவதும் எனக்காக எழுந்து நின்றது. மறுப்புரை நாவில் ஆயத்தமாக இருந்தது. நான் அதைப் பேசினேன்.

“டெஸ்ட் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அறையில் இருபது பேர் இருந்தார்கள். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கோப்பிலும் எழுதியிருக்கிறது, பாருங்கள்.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை. முரளி கோப்பை வாங்கிப் பார்த்தார். ‘கட்டாயம்’ என்று அடிக்கோடிட்டிருந்தது. அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“ஹவ், ஆமா,” என்றார் சாரதா, தரையைப் பார்த்தபடி. “தம்பி அப்டி சொல்லல. நான்தான் போகல.”

முரளி கோப்பை என்னிடம் திருப்பித் தந்தார். நான் வென்றுவிட்டேன். என் வாழ்வில் அதற்கு முன் எந்த வெற்றியும் அவ்வளவு விரைவாக வந்ததில்லை. எந்த வெற்றிக்குப் பிறகும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அப்படி நின்றதில்லை. சாரதா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் காட்டிக்கொடுக்கவில்லை என்றால், காட்டிக்கொடுக்க ஏதோ ஒன்று இருந்தது என்றல்லவா பொருள்?

அன்று பிற்பகல் தலைமை மருத்துவரின் அறைக்குச் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வாக்கியத்தையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபம் ஒரு தீர்ப்பு, அதைக் கேட்டுவிட்டுப் போய்விடலாம். அவரோ தம் துண்டுத்தாளின் நகலைத் தேடி எடுத்துப் படித்தார்.

“செகண்ட் பார்ட் எங்கிருந்து வந்துச்சு?” என்றார்.

“முதல் பாதியிலிருந்து வந்தது மேடம்.”

“நல்லா இருக்கே,” என்றார். பாராட்டா, கண்டனமா என்று அந்தக் குரலிலிருந்து என்னால் அறிய முடியவில்லை.

“அப்படியானால் டி குறைவுதான் அவருக்குச் சர்க்கரையைத் தந்ததா, இல்லையா?” என்று கேட்டேன்.

“தெரியாது.”

“டி ஏறிய பிறகும் சர்க்கரை குறையவில்லையே. அப்படியானால் அந்த ஆய்வுகள் பொய்யா?”

“அதுவும் தெரியாதுப்பா. அவங்கம்மாவுக்குச் சர்க்கரை. இவங்களுக்கும் முப்பது தாண்டிடுச்சு. எது எவ்வளவுன்னு ஒரு ஆளை வெச்சு யாரும் சொல்ல முடியாது. நூறு பேர்ல தெரியற விஷயம் ஒருத்தர்கிட்ட தெரியாது. இத பாருங்க,” என்று வேறொரு கோப்பைத் தள்ளினார். பட்டான்செரு மருந்துத் தொழிற்சாலையில் ஷிப்டில் வேலை செய்யும் ஒரு பெண், வெயிலே படாதவர், டி அளவு சாரதாவின் பழைய அளவைவிடவும் குறைவு. சர்க்கரையோ துல்லியமாக இயல்பு நிலையில். “இப்போ உங்க ஃபர்ஸ்ட் பார்ட்டும் போச்சு. ஆனா என் பேப்பர்ல எழுதினது போகல. அது அப்படியேதான் இருக்கு. புரியுதா?”

“புரியவில்லை மேடம்.”

“எனக்கும் பாதிதான் புரியுது,” என்று கூறிவிட்டு அடுத்த நோயாளியை அழைத்தார்.

நான் படியில் அமர்ந்துவிட்டேன். மேடையில் இரண்டே பக்கங்கள் உண்டு. நடுவர் எழுந்து ஒன்றைச் சொல்லி முடித்துவைப்பார். இங்கே பக்கங்கள் எத்தனை என்றே தெரியவில்லை, நடுவரும் இல்லை. சாரதா உரிய வாரத்தில் பரிசோதனைக்குச் சென்றிருந்தால் குழந்தைக்கு இந்த ஆபத்து நேர்ந்திருக்காதா? குறைந்திருக்கலாம் என்கிறார்கள். ‘லாம்.’ நான் துண்டுத்தாளிலிருந்து வெட்டியெறிந்த அந்த ஒற்றை விகுதி, என் கழுத்தைச் சுற்றிக்கொண்டு விடவில்லை.

அடுத்த சில வாரங்கள் சனிக்கிழமை வகுப்பில் மருத்துவரின் குறிப்புகளைத் தாளைப் பார்த்துப் படித்தேன். பெண்கள் கொட்டாவி விட்டார்கள். சாரதா விரல் நுனிகளில் ஊசிப் புள்ளிகளோடு வந்து முதல் வரிசையில் அமர்ந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகைக்கும் எனக்குப் பொருள் விளங்கவில்லை.

குறித்த நாளுக்கு முன்பாகவே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை, பெரிய குழந்தை. பிறந்த சில மணி நேரத்தில் அதன் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்தது. தாயின் சர்க்கரைக்குப் பழகிய உடல், தொப்புள்கொடி அறுந்ததும் தடுமாறும் என்று விளக்கினார்கள். தாய்க்கு நிறைந்தது, சேய்க்குக் குறைந்தது. என் வாக்கியம் எங்கும் கேட்டறியாத வடிவில் என்னை நோக்கித் திரும்பி வந்ததுபோல் இருந்தது. குழந்தையைத் தீவிரக் கவனிப்பு அறையில் வைத்து, குதிகாலில் குத்திக் குத்திச் சோதித்தார்கள். கண்ணாடிக்கு வெளியே முரளி நின்றார். நான் அவர் அருகில் சென்று நின்றேன்.

“முரளி சார், அன்றைக்கு நான் சொன்னது முழுதும் உண்மையில்லை,” என்றேன். வாக்கியத்தைச் சொன்னேன். கைதட்டலைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார். “அவ சொல்லிட்டா சார், அன்னிக்கு வீட்டுக்குப் போனவுடனே. நீங்க எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்,” என்றார். பிறகு, “டீ சாப்ட்றீங்களா?” என்று கேட்டார். மன்னித்தாரா என்று அதிலிருந்து என்னால் கூற இயலாது. டீ வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் குழந்தையின் சர்க்கரை நிலைப்பட்டது. தாயிடம் கொடுத்தார்கள். நான் பார்க்கச் சென்றபோது சாரதா படுக்கையில் சாய்ந்திருந்தார்.

“அக்கா, அந்த வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் டெஸ்டுக்குப் போயிருப்பீர்களா?” என்று கேட்டேன். இதைக் கேட்கவே சென்றேன்.

அவர் நேர்மையாக யோசித்தார். “தெரியல தம்பி. எனக்கு அந்தத் தண்ணினாலே பயம். நீங்க சொல்லலன்னா வேற எதுனா சாக்கு தேடிருப்பேன். ஆனா நானா தேடற சாக்கு கொஞ்ச நாள்ல விட்டுப் போயிடும். உங்கள்து பாட்டு மாதிரி வாயிலயே நின்னுடுச்சு. மாடில உக்காந்து அதையேதான் சொல்லிட்டிருந்தேன்.”

ஆகவே நான் எவ்வளவு குற்றவாளி என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் பாடம் ஒன்றைக் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும் என்றே எழுதத் தொடங்கினேன். கையில் இருப்பது இவ்வளவே: நம்மிடம் வரும் பெண்கள் அச்சத்தோடு வருகிறார்கள், அச்சத்துக்கு ஒரு கைப்பிடி வேண்டும், அழகான வாக்கியம் நல்ல கைப்பிடி. அது எந்தக் கதவைத் திறக்கிறது, எந்தக் கதவை மூடுகிறது என்பதைப் பிடித்தவரால் அறிய முடியாது. நம்மாலும் பல வேளைகளில் முடியாது.

இனி மணி. பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்துத் தாய்க்கு மீண்டும் ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை உண்டு. அந்தச் சனிக்கிழமை காலை சாரதா தாமாகவே வந்து குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரத்தைக் கழிப்பதற்காக, மடியில் குழந்தையும் கையில் ஓர் எலுமிச்சம்பழமுமாக முதல் வரிசையில் அமர்ந்தார். குமட்டல் வரும்போது எலுமிச்சையை முகர்ந்தார். நான் மோண்டா மார்க்கெட்டில் பாத்திரக் கடையில் வாங்கிய மணியை அவர் முன்னால் வைத்தேன்.

“என்ன தம்பி, கற்பூரமும் காட்டப் போறீங்களா?” என்றார்.

“பேச்சுப்போட்டியில் நேரம் முடிந்தால் மணி அடிப்பார்கள் அக்கா. அடித்த பிறகு ஒரு சொல் பேசினாலும் மதிப்பெண் போய்விடும். இது உங்களிடம் இருக்கட்டும்.”

பிறகு அறையை நோக்கித் திரும்பினேன். பழக்கம் விடவில்லை, குரல் தானாக ஒரு படி தாழ்ந்தது. “தாய்மார்களே! வெயில் என்பது வானம் தந்த மருந்து; அந்த மருந்து...”

மணி அடித்தது. சாரதா சிரிக்கவில்லை. எலுமிச்சையை முகர்ந்தபடி என்னையே பார்த்தார். கதவருகில் ஸ்டெல்லா அக்கா மட்டும், “அடிச்சிட்டாவளே!” என்றார். நான் உட்கார்ந்தேன். சிறிது நேரம் கழித்து எழுந்து, மருத்துவரின் பழைய துண்டுத்தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, ‘சற்று’, ‘சில’, ‘இருக்கலாம்’ என்னும் சொற்களில் ஒன்றையும் விடாமல் படித்தேன். படித்து முடித்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

“இனிமேல் நான் வாய் திறப்பதற்கு முன்னால், உங்களில் யாருக்கு எந்த டெஸ்ட் பாக்கி என்று ஒவ்வொருவராகக் கேட்பேன். அதற்குப் பிறகே பேசுவேன். எனக்கு முதல் பாதிதான் தெரியும் என்றால், முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வேன். கேட்க நன்றாக இல்லாவிட்டாலும் நிறுத்திக்கொள்வேன். தாண்டிப் போனால் மணியை அடியுங்கள். வாக்கியம் நடுவில் நின்றால் நிற்கட்டும், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.”